வேங்கடத்துக்குத் தெற்கே – 17: குல்லாய் அணிந்த கொடையாளர்

ஆதித்த சோழன் கடைசிப் பல்லவனான அபராஜிதனை வென்று தொண்டை நாட்டைப் பிடித்த கதையைச் சென்ற இதழில் முடித்தோம். அந்த வெற்றியைச் சொல்லும் செப்பேடுகள் திருத்தணிக்குப் பக்கத்தூரான திருவாலங்காட்டில்தான் கிடைத்தன. இனி நேரே சோழர் காலத்துக்குப் போய்விடலாம். ஆனால் அபராஜிதன் காலத்து ஆள் ஒருவர் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார். பெயர் நம்பி அப்பி.

மலைமேல் முருகனைப் பார்க்க 365 படி ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் கீழே ஊருக்குள் இருக்கும் வீரட்டானேசுவரர் கோயிலை எட்டிப் பார்ப்பதில்லை. சின்னக் கோயில்தான். பின்பக்கம் வளைந்து வரும் தூங்கானை மாட அமைப்பு. இதைக் கல்லால் எடுப்பித்தவர் நம்பி அப்பி என்று அபராஜிதனின் 18-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. கூடவே ஒரு வெண்பாவும் வெட்டியிருக்கிறார்கள். பாடியவர் அரசனே என்ற குறிப்பும் அங்கேயே உண்டு. ஒருவர் கோயில் கட்ட, நாட்டை ஆளும் அரசன் அவருக்காக உட்கார்ந்து பாட்டுக் கட்டிக் கல்லிலும் பொறிக்கச் செய்வது நம் கல்வெட்டு வரலாற்றில் அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

பெயர் கிடைத்தது, பாட்டும் கிடைத்தது. ஆள் கறுப்பா சிவப்பா, ஒல்லியா பருமனா என்பதற்கு மட்டும் ஒரு சொல் இல்லை. அந்தக் காலத்துக் கொடையாளர் பெரும்பாலும் இப்படித்தான். ஊர், தகப்பன் பெயர், கொடுத்த ஆடு எத்தனை, எரிய வேண்டிய விளக்கு எத்தனை என்று எல்லாக் கணக்கும் கல்லில் இருக்கும், முகம் இருக்காது. அரச குடும்பத்துக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. மாமல்லபுரத்து ஆதிவராகர் குகையில் பல்லவ அரசர்கள் தேவியரோடு நிற்கிறார்கள். கோனேரிராசபுரத்தில் கண்டராதித்தர் லிங்கத்தை வணங்குவதுபோல் ஒரு புடைப்புச் சிற்பத்தைச் செம்பியன் மாதேவியார் வைத்திருக்கிறார். வணிகர்களுக்கோ ஆளைக் காட்டும் வழக்கமே குறைவு. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்களின் கல்வெட்டுகளில் சில இடங்களில் மேற்பகுதியில் சின்னங்களைச் செதுக்கியிருப்பார்கள்: பசும்பை, கத்தி, விளக்கு, ஏர். அவை குழுவின் அடையாளம். எந்தச் செட்டியின் மூக்கு எப்படி இருந்தது என்பது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

அறுநூறு ஆண்டு தாண்டினால் நிலைமை வேறு. 1530-களில் பணக்காரர்களின் முகத்தை ஓவியர்கள் இரண்டு இடங்களில் வரைந்துகொண்டிருந்தார்கள். ஒன்று லண்டன். மற்றது திருத்தணிக்கு மேற்கே, இந்துப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் லேபாட்சி. இரண்டு ஓவியர்களுக்கும் ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. இருவரிடமும் ஒரே வேலையைத்தான் கொடுத்திருந்தார்கள் என்பது என் எண்ணம். பணக்காரரைப் பார்த்ததும் ஊர் கேட்கும் முதல் கேள்வி ‘இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?’ என்பது. அதற்கு ஒரு பதில் வரைய வேண்டும்.

முதலில் லண்டன் படத்தைப் பார்த்துவிடுவோம். ஆசாமியின் பெயர் கியோர்க் கீஸே. பால்டிக் கரையில் இருக்கும் டான்சிக் நகரத்து வணிகர். வட ஐரோப்பிய வணிக நகரங்களின் கூட்டமைப்பான ஹன்சா, தேம்ஸ் நதிக்கரையில் ‘ஸ்டீல்யார்ட்’ என்ற பெயரில் ஒரு வளாகம் வைத்திருந்தது. அங்கே தங்கி வியாபாரம் பார்த்தார். 1532-இல் ஹான்ஸ் ஹோல்பைன் அவரை ஓக் பலகையில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்தார். படம் இப்போது பெர்லினில் இருக்கிறது. ஒரு மீட்டர்கூட உயரமில்லாத பலகை. அதற்குள் ஒரு கடையையே அடக்கியிருக்கிறார்.

மேசைமேல் துருக்கியிலிருந்து வந்த கம்பளம். அதன்மேல் முத்திரை, நாணயம் வைக்கும் டப்பா, கடிகாரம், பேனா. சுவரில் தராசு தொங்குகிறது. மரச் சட்டங்களுக்குப் பின்னால் கடிதங்களைச் செருகி வைத்திருக்கிறார். கீஸே கையிலும் ஒரு கடிதம், அப்போதுதான் பிரிக்கிறார். ஒரு கண்ணாடிக் குவளையில் கார்னேஷன் பூக்கள். ஐரோப்பாவில் அந்தப் பூ நிச்சயதார்த்தத்துக்கு அடையாளம். கீஸேயும் மூன்று ஆண்டு கழித்து ஊருக்குத் திரும்பிக் கல்யாணம் செய்துகொண்டார். பெண் வீட்டுக்குக் காட்டவே படம் வரையப்பட்டது என்று நினைக்கிறவர்கள் உண்டு. ரோஜா நிறப் பட்டுச் சட்டைக் கை மினுமினுக்கிறது. சுவரில் அவருடைய கொள்கை வாசகம் லத்தீனில்: துக்கமில்லாத இன்பமே இல்லை என்ற பொருளில். அதற்கு மேலே ஒட்டிய ஒரு தாளில் வயது 34 என்றும், கண்ணும் கன்னமும் இப்படியேதான் இருந்தன என்றும் எழுதியிருக்கிறது.

பட்டும் கம்பளமும் வசதியைக் காட்டுகின்றன, சரி. ஆனால் படத்தின் மையத்தில் இருப்பது கடிதம். கீஸே அந்நிய நாட்டில் கடனுக்கு வாங்கிக் கடனுக்கு விற்கிறவர். அவர் முதலே அவர் பெயர்தான். நேரத்துக்குப் பதில் போடுவார், கணக்குச் சரியாக இருக்கும், எடை ஏமாற்ற மாட்டார் என்று நாலு பேர் நம்பினால்தான் பிழைப்பு ஓடும். தராசு, கடிகாரம், முத்திரை மூன்றும் அந்த நம்பிக்கைக்கான ஜாமீன்கள். பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ‘இதோ, இந்த மேசையிலிருந்து’ என்று பதில் சொல்கிறது படம். கடவுளுக்கு அதில் இடமில்லை. வாசகத்திலும் பூவிலும் வாழ்க்கை நிலையாமை கொஞ்சம் தலைகாட்டுவதோடு சரி.

ஐரோப்பியப் பணக்காரர்கள் எப்போதும் இப்படிக் கடையில் உட்கார்ந்தபடியே காட்சி கொடுத்தார்கள் என்று எண்ண வேண்டாம். அதற்கு முன்னே அவர்களும் கோயிலுக்குள்தான் இடம் பிடித்தார்கள். இத்தாலியில் பாதுவா நகரத்து என்ரிகோ ஸ்க்ரோவெஞ்ஞி கட்டிய சிற்றாலயத்தில், 1305-ஐ ஒட்டி ஜோத்தோ வரைந்த சுவரோவியம் ஒன்று. தீர்ப்பு நாள் காட்சி அது. மேலே ஏசு, ஒரு பக்கம் நரகம். நல்லவர்கள் பக்கத்தில் என்ரிகோ மண்டியிட்டு அந்த ஆலயத்தின் சிறு மாதிரியை மாதாவிடம் ஏந்திக் கொடுக்கிறார். அவருடைய தகப்பனார் வட்டிக்குக் கொடுத்தே பெருத்தவர். கவிஞர் தாந்தே தம் காவியத்தில் அந்தத் தகப்பனைக் கழுத்தில் பணப்பையைக் கட்டி நரகத்தில் உட்கார வைத்திருக்கிறார். மகன் ஆலயம் கட்டி ஓவியம் வரைய வைத்ததன் அவசரம் புரிகிறதல்லவா? பிளாரன்ஸில் மெடிசி குடும்பத்து வங்கியின் பொது மேலாளர் பிரான்செஸ்கோ சஸ்ஸெட்டியும் அப்படியே. சாந்தா திரினிதா ஆலயத்தில் 1485-இல் முடிந்த கிர்லாந்தாயோவின் ஓவியங்களில், பலிபீடத்தின் இரு புறமும் சஸ்ஸெட்டியும் மனைவியும் கைகூப்பி மண்டியிட்டிருக்கிறார்கள். அவர் அங்கே கும்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் அவர் மேற்பார்வையிலிருந்த வங்கிக் கிளைகள் நஷ்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்தன. 1490-இல் அவர் இறந்தார்; 1494-இல் வங்கியும் போயிற்று.

சஸ்ஸெட்டியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லேபாட்சியில் அவர் மறுபடி வருவார்.

1529-இல் காளத்தியில் முடிசூடிய அச்சுத தேவராயரின் காலம். திருத்தணி, காளத்தி, திருமலை, லேபாட்சி எல்லாமே விஜயநகரத்தின் கீழ். இந்த ஊர் ஆந்திரமா தமிழ்நாடா என்ற வழக்கெல்லாம் மிகவும் பிந்தியது. சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி நம் பக்கம் வந்தது 1960 ஏப்ரல் 1-இல். பெனுகொண்டா பகுதியின் நிர்வாகத்தில் இருந்தவர்கள் விருபண்ணா, வீரண்ணா என்ற சகோதரர்கள். தகப்பனார் நந்தி லக்கிசெட்டி. வணிகக் குடியிலிருந்து அரசாங்க அதிகாரத்துக்கு ஏறிய குடும்பம். ஆமை முதுகைப்போல் கிடக்கும் கூர்ம சைலம் என்ற பாறைமேல் வீரபத்திரருக்கு இவர்கள் எடுத்த கோயில்தான் லேபாட்சியில் நாம் பார்ப்பது. ஒரே கல்லில் செதுக்கிய நந்தி, தரையைத் தொடாத தூண் என்று அங்கே போகிறவர்கள் வாய் பிளக்க நிறைய இருக்கிறது. நாம் அண்ணாந்து கூரையைப் பார்ப்போம்.

அர்த்த மண்டபக் கூரையில் சுமார் 24 அடிக்கு 14 அடி பரப்பில் வீரபத்திரர். அவர் பாதத்தருகே சின்ன உருவங்களாக அண்ணனும் தம்பியும். வேறொரு பகுதியில் பரிவாரத்தோடு வணங்கி நிற்கிறார்கள். பக்கவாட்டில் திரும்பிய முகம், கூரிய மூக்கு, நீண்ட கண். கழுத்திலும் காதிலும் நகை. தலையில் உயரமான கூம்பு வடிவக் குல்லாய்.

அந்தக் குல்லாயில்தான் விஷயம் இருக்கிறது. தக்காணத்து சுல்தான்களின் அரண்மனைப் பாணியிலிருந்து விஜயநகரம் எடுத்துக்கொண்ட உடை அது. 1520-ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் தொமிங்கோ பாயிஷ், கிருஷ்ணதேவராயர் பொன்ரோஜாக்கள் பின்னிய வெள்ளை உடையும் சரிகைத் தொப்பியும் அணிந்திருந்ததாக எழுதிவைத்தார். அரசவையில் இருக்கிறவன் என்பதற்கு அந்தத் தொப்பிதான் அத்தாட்சி. விசித்திரம் என்னவென்றால், அதே ஆண்டுகளில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்துப் பெரும் பணக்காரர் யாக்கோப் ஃபுக்கரையும் படங்களில் அவருடைய பொன்னிறத் தொப்பியை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்கிறோம். வெனிஸில் தொழில் பழகியதன் நினைவாகப் போட்டுக்கொண்டதாம். இந்த ஃபுக்கர் குடும்பம் 1505-இல் இந்தியாவுக்குப் புறப்பட்ட போர்த்துக்கீசியக் கப்பல்களில் மிளகுக்காக முதல் போட்டது. அந்தப் போர்த்துக்கீசியர்கள் 1520-களில் நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு வரைக்கும் வந்து குடியேறிவிட்டார்கள். தொப்பிகளுக்கு இடையே கடல்தான் தூரம். காசு ஒரே வட்டத்தில்தான் சுற்றியது.

லேபாட்சிப் படத்தில் தராசு இல்லை. கணக்குப் புத்தகம் இல்லை. பணம் வந்த வழியைக் காட்டும் ஒரு பொருளும் இல்லை. கூப்பிய கையும் குல்லாயும் மட்டும். ‘நான் அரசனின் ஆள், என் பணம் போன இடம் இந்தச் சாமி’ என்பதுதான் அதன் பதில். கீஸே பணம் வந்த வழியைக் காட்டினார், விருபண்ணா போன வழியைக் காட்டினார். ஆள் அளவிலும் வித்தியாசம் உண்டு. லண்டனில் கீஸேதான் படம் முழுக்க. லேபாட்சியில் படத்தை நிறைத்திருப்பது சாமி, கொடுத்தவர் காலடியில்.

சுற்றியுள்ள கூரைகளில் வரைந்திருப்பதும் கவனிக்கத்தக்கது. திரௌபதி சுயம்வரம், அருச்சுனன் வேடனோடு மோதும் காட்சி, ஆலிலைக் கண்ணன். இவற்றுக்கு நடுவே மனுநீதிச் சோழன் கதை! கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட திருவாரூர்க் கதையைக் கன்னட, தெலுங்கு எல்லையில் ஒரு செட்டி பிள்ளை ஏன் வரையச் சொன்னார்? நீதி தவறாத நிர்வாகம் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள நினைத்த அதிகாரிக்கு இதைவிடப் பொருத்தமான கதை இல்லை என்பேன். பெண்கள் கட்டியிருக்கும் சேலைகளோ தனி உலகம்; கட்டமும் கோடும் பூவுமாக ஒன்றைப்போல் ஒன்றில்லை. பொதட்டூர்ப்பேட்டை நெசவாளர் ஒருவரை அந்தக் கூரைக்குக் கீழே நிறுத்தினால் சாமியைப் பார்க்கும் முன் முந்தானையைத்தான் பார்ப்பார். அதுவும் கொடையாளரின் செல்வக் குறிப்புதான்.

இவ்வளவும் செய்தும் ஊர் வாயை மூட முடியவில்லை. கோயில் மேற்குப் பக்கம் கல்யாண மண்டபம் பாதியில் நிற்கிறது. தூண்கள் உண்டு, கூரை கிடையாது. ஏன் என்று கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். விருபண்ணா அரசாங்கப் பொக்கிஷக்காரர். ராயர் ஊரில் இல்லாதபோது கஜானாவை எடுத்துக் கோயிலில் கொட்டிவிட்டார். திரும்பி வந்த ராயர் கண்ணைப் பிடுங்கச் சொன்னார். ‘அரசே, அந்தச் சிரமம் உங்களுக்கு எதற்கு?’ என்று விருபண்ணா தாமே கண்களைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். சுவரில் இரண்டு சிவந்த கறைகளை இன்றும் காட்டுகிறார்கள்.

நான் இதை நம்பவில்லை. 1530-களில் வெட்டிய கல்வெட்டுகள் பேசுவது கோயிலுக்குக் கொடுத்த ஊர்களையும் நிலங்களையும் பற்றி. அச்சுதராயர் பெயராலேயே அங்கே கொடைகள் உண்டு. கஜானாவைச் சுரண்டியவன் என்று ஒருவன் கண்ணைப் பறித்த அரசன், அதே ஆள் கட்டிய கோயிலுக்குக் கொடையும் கொடுத்துக் கூரையில் அவன் படத்தையும் விட்டுவைப்பானா? மண்டபம் பாதியில் நின்றதற்கு ஆட்சி மாற்றம், பணமுடை என்று சாதாரணக் காரணம் ஆயிரம் இருக்கலாம்.

ஆனால் கதையாக அது பொய்யில்லை. கூரையில் இருக்கும் ஓவியம் விருபண்ணாவின் பதில். சுவரில் இருக்கும் கறை ஊரின் எதிர்க்கேள்வி. ‘சாமிக்குக் கொடுத்தாய், சரி. யார் பணத்தை?’ பிளாரன்ஸில் சஸ்ஸெட்டியின் வங்கி முறிந்ததைக் கணக்குப் புத்தகங்களை வைத்து வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். லேபாட்சியில் கணக்குப் புத்தகம் மிஞ்சவில்லை. அந்த வேலையை ஊர்க்கதை செய்தது. கதை விருபண்ணாவைத் திருடன் என்றும் சொல்லவில்லை பாருங்கள். குற்றத்தையும் வைத்து, பக்தியையும் வைத்து, தண்டனையை அவர் கையாலேயே நிறைவேற்ற வைத்தது.

நமக்கு இன்னும் பக்கத்தில் திருமலையில் இந்த வழக்கத்தின் அரச வடிவம் இருக்கிறது. மகாதுவாரத்துக்குள் நுழைந்ததும் வலது பக்க மண்டபத்தில் கிருஷ்ணதேவராயர், திருமலாதேவி, சின்னாதேவி மூவரின் செப்புப் படிமங்கள், 1517-இல் வைத்தவை. தோளில் பெயர் பொறித்திருக்கிறது. ராயர் தலையிலும் அதே உயரக் குல்லாய்; ஆனால் மேல்சட்டை இல்லை, வெற்று மார்போடு கைகூப்பி நிற்கிறார். சபையில் போட்ட உடுப்பைச் சாமி முன் கழற்றினாலும் குல்லாயைக் கழற்ற மனம் வரவில்லை. அதே கோயிலில் ஆர்க்காட்டு நவாபின் அதிகாரியாக இருந்த தோடர்மால் குடும்பத்தின் படிமங்களும் உண்டு. காஞ்சி வரதராசர் உடையார்பாளையத்திலிருந்து 1710-இல் ஊர் திரும்ப உதவியவர் அவர். அரசன் தொடங்கி வைத்த இடத்தில் இரண்டு நூற்றாண்டு கழித்து அதிகாரி வந்து நின்றுகொண்டார். இப்போது கோயில் குழல்விளக்கில் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ‘உபயம்’ எழுதுகிறவர்களைக் கேலி செய்கிறோமே, அவர்களும் இந்த வரிசையில் கடைசியில் வருகிறவர்கள்தான்.

நம்பி அப்பிக்கு இந்தச் சிரமம் எதுவும் இல்லை. அவர் நல்லவர் என்று அரசனே வெண்பா பாடிக் கல்லில் வைத்துவிட்டான். முகத்தைக் காட்டி நிரூபிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. கல்லில் வெட்டிய அந்த எழுத்து ஆயிரத்து நூறு ஆண்டாக நிற்கிறது. சுண்ணாம்புமேல் தீட்டிய முகங்களுக்கு அந்த ஆயுள் கிடையாது. லேபாட்சியிலேயே பல பகுதிகள் உதிர்ந்துவிட்டன.

தொண்டை நாட்டுக் கோயில்களிலும் மண்டபக் கூரைகளிலும் தூண்களிலும் கைகூப்பிய கொடையாளர் உருவங்கள் இருக்கின்றன. பலவற்றின் மேல் வெள்ளையும் வார்னிஷும் ஏறிவிட்டன. கும்பாபிஷேகத் திருப்பணி என்றதும் மணல் பீய்ச்சித் தூணைச் சுரண்டிய கொடுமையையும் பார்த்திருக்கிறோம். உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கப்போகிறது என்று தெரிந்தால், சாரம் கட்டுவதற்கு முன்பே தூண் அடியையும் கூரையையும் ஒரு முறை நிதானமாகப் படம் எடுத்து வையுங்கள். குல்லாயோ, கொண்டையோ, எழுத்தோ எது தென்பட்டாலும் தொல்லியல் துறைக்கு எழுதிப் போடுங்கள், அறங்காவலர்களிடமும் சொல்லுங்கள். திருத்தணிக்கு வருகிறவர்கள் மலையிலிருந்து இறங்கியதும் அரைமணி நேரம் ஒதுக்கி வீரட்டானேசுவரர் கோயிலையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

அடுத்த இதழில் பழவேற்காடு.